எத்தனையாவது பெண்?

ஆரணியின் தறிவீடுகளில் எழுபது வயதைத் தாண்டிய பெண்களின் கையில் அம்மை குத்திய தழும்பை இன்றும் பார்க்கலாம். பெரியம்மை போய்விட்டது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் அது யாருக்கும் வரவில்லை. ஆனால் அந்தத் தழும்பு யார் கையில் விழுந்தது, யார் கையில் விழாமல் போனது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் பெண் குழந்தையின் பங்கை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் முதன்முதலாக அம்மைப்பால் வைக்கப்பட்டது ஒரு பெண் குழந்தைக்கு. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில், மூன்று வயது அன்னா டஸ்ட்ஹாலுக்கு. ஒரு குழந்தையின் கையில் எழும்பும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் கீறி வைப்பதுதான் அன்றைய முறை. அன்னாவின் கையிலிருந்து பம்பாயின் பிற குழந்தைகளுக்கும், அவர்கள் வழியாகப் பல ஊர்களுக்கும், சென்னைக்கும் அது வந்து சேர்ந்தது.

எழுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 1880இல், ஆங்கிலேய இந்திய அரசு அம்மை குத்துவதற்கு ஒரு சட்டம் போட்டது. அது நடைமுறைக்கு வந்த இடங்களில், ஆறு மாதம் நிரம்பிய குழந்தைக்குப் பெற்றோர் அம்மை குத்த வைத்தாக வேண்டும். இந்தக் கட்டாயம் ஆண் குழந்தைக்கு 14 வயது வரை, பெண் குழந்தைக்கு 8 வயது வரை. நோய் இந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை, சட்டம் பார்த்தது.

ஏன் எட்டு? அந்தப் பிரிவு காரணம் சொல்லவில்லை, காலத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். எட்டு வயதில் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். அம்மை குத்த வருபவர் பெரும்பாலும் ஆண். அதே காலத்து இந்தியத் தண்டனைச் சட்டம் மனைவியுடனான உறவுக்கு வைத்திருந்த வயது வரம்பு 10. அது 12 ஆனதே 1891இல்தான். பத்து வயதில் கணவன் தொடலாம். எட்டு வயதைத் தாண்டினால் அம்மை குத்துகிறவர் தொடவேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், பெண் உடலை எதற்காக மறைத்தார்கள், எதற்காகத் திறந்தார்கள் என்பது புரியும்.

சுதந்திர இந்தியாவின் தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. 1985இல் அனைவருக்குமாக விரிந்தது. இதில் ஆண் பெண் பேதம் எங்கும் எழுதப்படவில்லை. ஆனாலும் 2005-06ஆம் ஆண்டின் தேசியக் குடும்ப நல ஆய்வில், எல்லாத் தடுப்பூசியும் போடப்பட்ட ஒரு வயதுக் குழந்தைகள் ஆண்களில் 45.3 சதவீதம், பெண்களில் 41.5 சதவீதம்.

இலவச ஊசியில் பேதம் எப்படி வரும்? ஊசிக்குத்தான் விலை இல்லை, அந்த நாளுக்கு உண்டு. நெசவில் கூலி சேலைக் கணக்கு. தாய் தார் சுற்றித் தராவிட்டால் தறி நிற்கும். ஊசி போட்ட இரவு குழந்தைக்குக் காய்ச்சல் வரும், மறுநாளும் தூக்கியே வைத்திருக்க வேண்டும். அந்த ஒன்றரை நாளை எந்தக் குழந்தைக்காக இழக்கலாம் என்ற கணக்கை யாரும் வாய்விட்டுப் போடுவதில்லை.

எல்லாப் பெண் குழந்தைகளும் ஒரே அளவில் விடுபடுவதும் இல்லை. 1992-93ஆம் ஆண்டின் ஆய்வுத் தரவுகளை வைத்து ரோகிணி பாண்டே 2003இல் வெளியிட்ட கட்டுரை இதைக் காட்டியது. ஒரே பாலில் பலர் பிறந்த பிறகு வரும் குழந்தை, ஆணோ பெண்ணோ, சத்துணவிலும் தடுப்பூசியிலும் பின்தங்குகிறது. ஆனால் பல பெண்களுக்குப் பின் பிறக்கும் ஆண் குழந்தைதான் எல்லாரையும்விட நல்ல நிலையில் இருக்கிறது. அக்காக்களுக்குப் பின் வந்த தங்கை விடுபடுகிறாள், அவளுக்குப் பின் வந்த தம்பி தப்பாமல் ஊசி போட்டுக்கொள்கிறான். எங்கள் வடமாவட்டங்களில் அப்படிப் பிறந்த பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்றும் ‘போதும்பொண்ணு’ என்றும் பெயர் வைப்பார்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களை நானே கூப்பிட்டிருக்கிறேன். ‘உள்ளேன் அம்மா’ என்று அந்தப் பெண் எழுந்து நிற்பாள்.

2015-16 ஆய்வில் இந்திய அளவில் இந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்வதிலிருந்து வீடு தேடி வந்து ஊசி நாளை நினைவூட்டுவது வரை செய்தவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள். அவர்கள் பெண்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று பார்த்து அவர்கள் படியேறவில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவியில் ஒரு தவணை குழந்தையின் தடுப்பூசியோடு இணைக்கப்பட்டபோது, பெண் குழந்தையின் ஊசிக்கும் வீட்டில் ஒரு மதிப்பு வந்தது.

ஆனால் இந்தச் சமத்துவம் பிறந்த குழந்தைகளுக்குள் எண்ணப்படுவது. தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. கருவிலேயே தடுக்கப்பட்டவளுக்குத் தடுப்பூசி அட்டை கிடையாது. அவள் எந்தச் சதவீதத்திலும் வரமாட்டாள்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுப் பெட்டியில் பழைய தடுப்பூசி அட்டைகள் இருந்தால் எடுத்து, அக்கா, தங்கை, தம்பி என்று வரிசையாக வையுங்கள். எந்த அட்டையில் கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று பாருங்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணுவதோடு நிறுத்தாமல், அவள் எத்தனையாவது பெண் என்றும் கேளுங்கள்.