புகை, ஆவி, கொஞ்சம் பஞ்சு

எங்கள் ஊர்ப்பக்கம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரத்தில், மடியில் பீடித்தட்டு வைத்துக்கொள்ளாத பெண்களைப் பார்ப்பது கஷ்டம். தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் ஏறுகிற பலருக்கும் இது தெரிந்த காட்சிதான். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, நூலால் கட்டுவார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இறுக்கிச் சுற்றினால் இழுக்க வராது, தளர்த்தினால் அணைந்து போகும். இரண்டும் இல்லாத பதம்தான் கைத்தொழில். பதம் தவறினால் கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள், கூலி குறையும்.

பீடி பற்றி எழுத வரவில்லை மக்களே. புகை குடிக்கிற கருவியை மனுஷன் எப்போதுமே நோண்டிக்கொண்டே இருந்திருக்கிறான் என்று சொல்லத்தான் இந்தப் பீடிகை (மன்னிக்கவும், தானாக வந்து விழுந்த சிலேடை).

அக்பர் அரசவைக்கு 1604 வாக்கில் பீஜப்பூரிலிருந்து புகையிலையும் அலங்காரக் குழாயும் கொண்டுவந்தவர் ஆசாத் பேக். அவரே எழுதி வைத்திருக்கிறார். அரசர் ஓரிரு இழுப்பு இழுத்தார், அரண்மனை வைத்தியர்கள் ஆட்சேபித்தார்கள். புகையைத் தண்ணீர் வழியாக இழுத்தால் நல்லது என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே பரவிவிட்டது. ஹூக்காவுக்கு 'நார்கிலே' என்று ஒரு பெயர் இருக்கிறதே, அது தேங்காயைக் குறிக்கும் 'நார்கில்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. நம் நாரிகேளம்தான் அது. ஆரம்பத்தில் தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர் வைத்தார்கள். தண்ணீர் புகையைக் குளிர வைக்கும், விஷத்தை எடுத்துவிடாது. ஆனால் 'இது அவ்வளவு கெடுதல் இல்லை' என்ற நம்பிக்கை அன்றைக்கே பிறந்துவிட்டது. ஜஹாங்கீர் 1617-ல் புகையிலையைத் தடை செய்தார். தடை என்ன ஆனது என்பது உங்களுக்கே தெரியும் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். எலக்ட்ரானிக் சிகரெட் சீனாவில் பிறந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதற்கு 40 வருஷம் முன்பே, 1963-ல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் புகையிலை இல்லாத, புகை இல்லாத சிகரெட்டுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1965-ல் கிடைத்தது. மனிதர் பழைய இரும்பு வியாபாரத்தில் இருந்தவர். தாராவிக்காரர்கள் கேட்டால் பெருமைப்படுவார்கள். ஆனால் கடைசிவரை அந்தச் சரக்கு கடைக்கு வரவில்லை.

கடைக்கு வந்தது ஹான் லிக் செய்தது. இவர் ஷென்யாங் நகரத்து மருந்தாளுநர். தானும் புகைப்பவர், அப்பாவும் கடுமையாகப் புகைத்து நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். 2003-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடுத்த வருஷமே 'ருயான்' என்ற பெயரில் சீனாவில் விற்பனைக்கு வந்தது. 'புகை மாதிரி' என்று அர்த்தமாம். 2006, 2007 வாக்கில் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது.

இங்கேதான் சுவாரசியமே ஆரம்பம். வந்த சரக்கு சுமார்தான். உள்ளே மூன்று பாகம்: பேட்டரி, சூடாகும் சுருள் கம்பி இருக்கும் நடுப்பகுதி, வாயில் வைக்கிற குப்பி. குப்பிக்குள் திரவத்தில் நனைத்த செயற்கைப் பஞ்சு. அது திரவத்தைக் கஞ்சனைப் போலப் பிடித்து வைத்துக்கொள்ளும், கம்பிக்கு விடாது. நாலு இழுப்பில் கம்பி காய்ந்து கருகல் வாசம் வரும். குப்பி தளர்வாக இருந்தால் திரவம் வாய்க்கே வந்துவிடும். பம்ப் ஸ்டவ் காலத்து ஆட்களுக்கு இது சுலபமாகப் புரியும். மண்ணெண்ணெய் சரியாக ஏறவில்லை என்றால் பின் போட்டுக் குத்துவோமே, அதே பிரச்சினைதான்.

வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. பஞ்சைப் பிடுங்கிவிட்டு டீ பை துணியைச் சுருட்டி வைத்தார்கள். ஸ்ட்ராவை வெட்டிச் செருகிப் பார்த்தார்கள். தளர்ந்த குப்பிக்கு டேப் சுற்றினார்கள், காற்றுத் துளையைப் பாதி அடைத்து இழுப்பை இறுக்கினார்கள். எல்லாம் அதே பீடித்தட்டுப் பதம்தான். சிலர் குப்பியே வேண்டாம் என்று கம்பியின் மேலேயே சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டார்கள். 2008-ல் இங்கிலாந்தில் டெட், மேட் ரோஜர்ஸ் என்ற சகோதரர்கள் சின்ன பேட்டரி சீக்கிரம் தீர்கிறதே என்று டார்ச் லைட் உறைக்குள் பெரிய பேட்டரியை வைத்தார்கள். பெயர் 'ஸ்க்ரூடிரைவர்'. 'மாட்' என்ற வார்த்தைக்கே இதைத்தான் ஆரம்பமாகச் சொல்கிறார்கள்.

இன்னொரு பெரிய சௌகரியம் மரை. ஆளுக்கு ஒரு அளவு வைத்திருந்த காலத்தில் 510 என்ற மாடலின் மரை, 7 மில்லிமீட்டர் விட்டம், 0.5 மில்லிமீட்டர் இடைவெளி, பொதுவான அளவாகிவிட்டது. ஒருத்தர் செய்த தலை இன்னொருத்தர் செய்த உடம்பில் பொருந்தியது. அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? காட்டன் திரி, கையால் சுற்றிய கம்பி, கெட்டி ஆவிக்காகக் கிளிசரின் கூட்டிய திரவம் என்று ஒரு குடிசைத் தொழிலே கிளம்பியது.

ஆபத்தும் கூடவே வந்தது. பள்ளிக்கூடத்து ஓம் விதிதான். 3.7 வோல்ட் பேட்டரியில் கம்பியின் மின்தடை 0.5 ஓம் என்றால் 7.4 ஆம்பியர். 0.2 ஓம் ஆக்கினால் 18.5 ஆம்பியர், அதாவது 68 வாட்டுக்கு மேல். ஆவி மேகம் மாதிரி வரும், வாஸ்தவம். ஆனால் எலக்ட்ரானிக் பாதுகாப்பு ஏதும் இல்லாத வெறும் உலோகக் குழாயில், சுமாரான லித்தியம் பேட்டரியிலிருந்து இவ்வளவு உருவினால் அது வெடிகுண்டுக்குச் சமம். 2018 மே மாதம் ஃப்ளோரிடாவில் ஒருவர் கருவி வெடித்து இறந்தே போனார்.

2015-ல் ஜூல் வந்தது. பார்க்க பென் டிரைவ் மாதிரி. நோண்ட ஒன்றுமில்லை, மூடி முத்திரையிட்ட குப்பி. நிகோடினை உப்பாக மாற்றியதால் 5 சதவீதம் போட்டாலும் தொண்டையில் உறைக்காது. என் கணிப்பில், டேப் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் பெரும்பாலும் சிகரெட்டை விட முயன்ற நடுவயசுக்காரர்கள். இந்தப் புது ரகம் சிகரெட்டே தொடாத பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்தது. சிகரெட்டை விடுவதற்கு உதவும் என்று பிரிட்டன் சுகாதாரத் துறை சொன்னதை ஒரேயடியாகத் தள்ள வேண்டியதில்லை. அது ஏற்கெனவே புகைக்கிறவர்களுக்குச் சொன்னது, பத்தாம் வகுப்புப் பையனுக்கு இல்லை. 2019-ல் அமெரிக்காவில் நுரையீரல் பாதிப்பு பரவியது. 2020 பிப்ரவரி வரை 2807 பேர் பாதிப்பு, 68 சாவு. பெரும்பாலும் கஞ்சாச் சத்து கலந்த திருட்டுச் சரக்கில் இருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். யாரோ, எங்கோ, கெட்டியாகத் தெரியட்டும் என்று கலந்தது.

இந்தியாவில் 2019 செப்டம்பர் 18-ல் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் தடை. முதல் தடவை ஒரு வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மும்பை இதற்கு முன்பே சூடு பட்ட ஊர். 2017 டிசம்பர் 29-ல் கமலா மில்ஸ் தீ விபத்தில் 14 பேர் செத்தார்கள், ஹூக்கா கங்கின் மேல் பழி விழுந்தது. 2018-ல் மகாராஷ்டிரா ஹூக்கா பார்லர்களை மூடியது. பீடியும் சிகரெட்டும் மட்டும் பான் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. தாதரிலிருந்து பரேல் டாட்டா மருத்துவமனை ரொம்பத் தூரமில்லை. ஊரிலிருந்து ஃபைலும் கையுமாக வந்து இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது இந்தச் சட்டத்தின் ஒரு கண் மட்டும் திறந்திருப்பது உறுத்துகிறது. திருநெல்வேலியில் அத்தனை வீட்டுக் கூலியும் அந்த மூடிய கண்ணில்தான் இருக்கிறது என்பதும் தெரியும்.

வெளிநாட்டில் பிள்ளைகள் படிக்கிற வீடுகளுக்கு ஒரு விஷயம். துபாயில் 2019-லிருந்து விற்பனைக்கு அனுமதி உண்டு. பிரிட்டனில் ஒருமுறை உபயோகித்து எறிகிற ரகத்துக்கு மட்டும் 2025 ஜூன் 1 முதல் தடை. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் கையில் வைத்திருப்பதே குற்றம். 2025 செப்டம்பரில், எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்த சரக்கைப் போதைமருந்துக் கணக்கில் சேர்த்தார்கள். லண்டனில் ரசீதோடு வாங்கியது சாங்கி விமான நிலையத்தில் குற்றம், மும்பையில் இறக்குமதித் தடைக்கு உட்பட்ட பொருள். பெட்டி கட்டும்போது, மாம்பழ வாசனை வருகிற ஹைலைட்டர் பேனா மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் ஒருதரம் கேட்டுவிடுங்கள்.