பூனை 400: மினமாட்டாவில் 1959

மினமாட்டா பற்றிக் கதைக்கிற இடமெல்லாம் ஒரே கதைதான்: தொழிற்சாலை கழிவைக் கடலில் விட்டது, மீனில் பாதரசம் சேர்ந்தது, சனங்கள் நோய்ப்பட்டார்கள், கடைசியில் விஞ்ஞானம் காரணத்தைக் கண்டுபிடிக்க எல்லாம் நின்றது. இந்தக் கடைசிப் பகுதிதான் எங்களுக்கு இடிக்கிறது. காரணம் 1959இலேயே தெரிந்துவிட்டது. கழிவு நின்றது 1968இல்.

யப்பானின் கியூஷு தீவில் ஷிரானுய் கடலோரத்து ஊர் மினமாட்டா. சிசோ கம்பனி அங்கே 1932இலிருந்து அசற்றல்டிகைட்டு செய்தது. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருட்களுக்கு அது தேவை. செய்முறையில் ஊக்கியாகப் போட்ட பாதரசத்தில் ஒரு பங்கு மெதைல் பாதரசமாக மாறிக் குடாவுக்குள் போனது. கடலில் கரைந்து காணாமற்போகிற நஞ்சு இல்லை இது. சின்ன உயிரிகளிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து பூனைக்கும் மனிசருக்கும் ஏற ஏறச் செறிவு கூடும், மூளையைத் தாக்கும், தாயின் வயிற்றிலுள்ள பிள்ளையையும் விடாது. மீனவர் வீடுகளில் பூனைகள் வலிப்பு வந்து செத்தன. 1956 மே 1ஆம் திகதி, கம்பனியின் சொந்த ஆஸ்பத்திரிப் பணிப்பாளர் ஹொசோகாவா ஹஜிமே, காரணம் தெரியாத நரம்பு நோய் ஒன்று பரவுவதாகச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார்.

கம்பனி 1958இல் செய்தது என்ன தெரியுமா? கழிவை நிறுத்தவில்லை, கழிவு வாயை மாற்றியது. குடாவுக்குப் பதிலாக மினமாட்டா ஆற்றின் முகத்துவாரம். அதுவரை நோய் இல்லாத வடக்குக் கரையிலும் பிறகு நோயாளிகள் வந்தார்கள்.

1959 யூலையில் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காரணம் சேதனப் பாதரசம் என்றார்கள். கம்பனி மறுத்தது. அதே மாதம் ஹொசோகாவா தொழிற்சாலைக் கழிவையே சாப்பாட்டில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுக்கத் தொடங்கினார். அதன் இலக்கம் 400. ஒக்டோபரில் அதற்கும் அதே வலிப்பு. முடிவு கம்பனிக்குள்ளேயே அமுக்கப்பட்டது.

நவம்பரில் ஆத்திரமடைந்த மீனவர்கள் தொழிற்சாலைக்குள் புகுந்தார்கள். டிசம்பரில் கம்பனி 'சைக்கிளேற்றர்' என்ற சுத்திகரிப்பு இயந்திரத்தைத் திறந்துவைத்தது. விழாவில் கம்பனித் தலைவர் ஒரு கோப்பைத் தண்ணீர் குடித்துக் காட்டினார். பாதரசம் கலந்த அந்தக் கழிவு அப்போது இயந்திரத்துக்குள் போகவே இல்லை. பாதரசத்தை நீக்க அது வடிவமைக்கப்பட்டதும் இல்லை. நல்ல நாடகம்.

டிசம்பர் 30ஆம் திகதி நோயாளிகளோடு ஒப்பந்தம். வளர்ந்தவர்களுக்கு வருசத்துக்கு ஒரு இலட்சம் யென், பிள்ளைகளுக்கு 30,000, இறந்தவருக்கு மூன்று இலட்சம். பெயர் 'அனுதாபப் பணம்'. நட்டஈடு என்று சொன்னால் குற்றத்தை ஏற்றதாகிவிடுமே. தொழிற்சாலைக் கழிவுதான் காரணம் என்று பின்னர் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக்கூடாது என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. பூனை 400 ஒக்டோபரிலேயே வலிப்பில் விழுந்துவிட்டது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த வாசகத்தை வாசியுங்கள். கையெழுத்து வைத்த சனங்களுக்குப் பூனையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிடித்த மீனை வாங்க ஆளில்லாத நேரம், வருசக் கடைசி, வீட்டில் காசில்லை.

அடுத்த வருசமே அசற்றல்டிகைட்டு உற்பத்தி உச்சத்தைத் தொட்டது, கிட்டத்தட்ட 45,000 தொன். 1968 மே மாதம் அந்த உற்பத்தி நின்றதற்கு, பழைய செய்முறை இனி இலாபமில்லை என்று ஆகிவிட்டதும் ஒரு காரணம். அரசாங்கம் காரணத்தை உத்தியோகபூர்வமாக ஏற்றது செப்டெம்பர் 26இல், நான்கு மாதம் கழித்து.

ஹொசோகாவாவை நாயகனாக்கி எழுதுபவர்கள் உண்டு. எங்களுக்கு அது அவ்வளவு லேசாக வரவில்லை. பல வருசம் அவர் அந்தப் பூனையைப் பற்றி வெளியே பேசவில்லை. ஆனால் 1970இல், புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, நோயாளிகள் போட்ட வழக்கில் நடந்ததைச் சொன்னார். சில மாதங்களில் இறந்துபோனார். 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றம் நோயாளிகளின் பக்கம் தீர்ப்பளித்தது. அனுதாபப் பண ஒப்பந்தம் செல்லாது என்றும் சொன்னது.