பெரிய மாடு, நடு மாடு, பூஞ்சிட்டு

அமெரிக்காவில் டீசல் டிரக்குகளை வைத்து நடக்கும் இழுவைப் போட்டிகளில் ‘இரண்டு புள்ளி ஆறு’ என்றொரு பிரிவு உண்டு. டர்போசார்ஜருக்குள் காற்று நுழையும் வாயின் அளவு 2.6 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 66 மில்லிமீட்டர். அந்த ஒரு வாயை நெருக்கிப் பிடித்தால் உள்ளே போகும் காற்று குறையும். காற்று குறைந்தால் எரிக்க முடிகிற டீசலும் குறையும். பத்து மடங்கு செலவு செய்து எஞ்சினைச் செதுக்கி எடுத்து வந்தவனும் அந்தத் துளை வழியாகத்தான் மூச்சு விட்டாக வேண்டும்.

இந்த விதியை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பூஞ்சிட்டு.

சிவகிரிப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென் மாவட்டங்களில் கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் தார்ச்சாலையில் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் எல்கைப் பந்தயம் என்பார்கள். எல்கை என்றால் எல்லை. குறித்த எல்லையைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். நோட்டீசில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். தேனிப் பக்கம் போனால் கரிச்சான், தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று பட்டியல் இன்னும் நீளும். மாட்டின் வளர்த்திக்குத் தக்கபடி பிரிவு. பிரிவுக்குத் தக்கபடி தூரம். பெரிய மாட்டுக்குப் போக வர எட்டு மைல் என்றால் சின்ன மாட்டுக்கு ஆறு மைல் என்கிற மாதிரி. நாடே கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் பந்தய நோட்டீசில் மைல்தான்.

பெயர்களைக் கவனியுங்கள். சின்ன மாடுகளுக்கெல்லாம் பறவைப் பெயர். கரிச்சான் கையளவுக் குருவி. ஆனால் தன் கூட்டுப் பக்கம் வந்தால் பருந்தையே விரட்டிக் கொத்தும். சின்னதுக்கும் ஒரு வீரம் உண்டு என்று தெரிந்த யாரோதான் அந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

1

டிரக் இழுவையின் வேரும் விவசாயிகளிடம்தான் இருக்கிறது. யாருடைய குதிரை அதிகம் இழுக்கும் என்ற ஊர்ப் பந்தயம், டிராக்டர் வந்ததும் டிராக்டர் பந்தயமாயிற்று. 1929இல் மிசௌரி மாநிலத்தின் பௌலிங் கிரீனிலும் ஒஹாயோவின் வான்ஸ்வில்லிலும் நடந்தவற்றை முதல் டிராக்டர் இழுவைப் போட்டிகளாகச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் சறுக்குப் பலகை ஒன்றை இழுக்க வேண்டும். வழியில் ஆட்கள் இடைவெளிவிட்டு நிற்பார்கள். பலகை தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். போகப் போக பாரம் கூடும்.

பின்னாளில் ஆட்களின் இடத்துக்கு இயந்திரம் வந்தது. இழுவை வண்டியின் பின்சக்கரங்களுக்கு மேலே ஓர் எடைப்பெட்டி. வண்டி நகர நகர அந்தப் பெட்டி முன்பக்கம் ஏறி வரும். முன்பக்கத்தில் சக்கரம் கிடையாது, தரையில் உரசும் இரும்புத் தட்டுதான். பாரம் அந்தத் தட்டின் மேல் சேரச் சேர உராய்வு கூடி, கடைசியில் டிரக் நின்றுவிடும். 300 அடியைத் தாண்டினால் அது முழு இழுவை. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தாண்டிவிட்டால் எடையைக் கூட்டி மறுபடியும் இழுக்க வைப்பார்கள்.

தேசிய அளவில் விதிகளை ஒழுங்குசெய்ய 1969இல் தேசிய டிராக்டர் இழுவையாளர் சங்கம் உருவானது. அதற்கு முன் ஊருக்கு ஒரு விதி. விதி எழுதப்பட்டதும் பிரிவுகள் பெருகின. வண்டி எடைக்கு ஒன்று, டர்போவின் வாய்க்கு ஒன்று, தொழிற்சாலையில் இருந்து வந்த டர்போவை மாற்றாமல் ஓட்டுபவர்களுக்கு ஒன்று. இதையெல்லாம் வெறும் நுணுக்கமாக நான் பார்க்கவில்லை. பிரிவு இல்லாத போட்டியில் பணம் மட்டும்தான் ஜெயிக்கும். வேலைக்குப் போகிற வண்டியிலேயே வந்து இழுக்கிறவனுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை அளவுகோலும்.

நம்மூரிலும் அதே கதைதான். பந்தயத்துக்கென்றே தீனி போட்டு வளர்த்த பெரிய ஜோடி ஒன்றின் விலை, சிறு விவசாயி கனவிலும் எட்டாத இடத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு ஜோடி பூஞ்சிட்டு அவனால் வளர்க்க முடியும். அவன் பெயரும் மைக்கில் ஒலிக்கும்.

2

இயந்திரத்தை அளக்கக் கருவி போதும். மாட்டை எதை வைத்து அளப்பது?

ஒரு வழி பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. பால்பல் விழுந்து ஏறக்குறைய இரண்டு வயதில் முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும். பிறகு நாலு, ஆறு, எட்டு. வாயைத் திறந்து பார்த்தாலே வயது தெரிந்துவிடும். கொங்குப் பகுதியின் ரேக்ளா பந்தயத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் என்ற தூரத்தோடு பல் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஆந்திராவில் ஓங்கோல் காளைகளை வைத்துக் கல் இழுக்கும் போட்டி நடக்கிறது. டிரக் இழுவைக்கு நம் பக்கத்தில் இருக்கும் நேரடி அண்ணன் அதுதான். அங்கேயும் பால்பல், இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்றுதான் பிரிவு. குறித்த நேரத்துக்குள் கல்லை எவ்வளவு தூரம் இழுத்தது என்று அளப்பார்கள்.

மென்பொருள் எழுதும் எனக்கு இந்தப் பல் கணக்கு ரொம்பப் பிடிக்கும். யாரும் பொய்ச் சான்றிதழ் காட்ட முடியாது. தகவல் மாட்டின் வாய்க்குள்ளேயே எழுதியிருக்கிறது.

3

இந்தப் பந்தயங்களுக்குப் பெரிய சட்ட வரலாறு உண்டு. அதில் ஒரு விஷயம் பலருக்கும் மறந்துவிட்டது. ஜல்லிக்கட்டு வழக்கு என்று நாம் சொல்வது ஜல்லிக்கட்டில் தொடங்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் ரேக்ளா பந்தயம் நடத்த அனுமதி கேட்டு ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2006 மார்ச்சில் நீதிபதி ஆர். பானுமதி ரேக்ளா, எருதுப் பந்தயம், ஜல்லிக்கட்டு எல்லாவற்றையும் சேர்த்தே தடை செய்தார். அடுத்த ஆண்டு இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. வழக்கு டெல்லி போயிற்று. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது.

2017 ஜனவரியில் மெரினாவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் ஜல்லிக்கட்டு என்ற சொல்லுக்குள் மஞ்சுவிரட்டையும் வடமாட்டையும் எருதுவிடும் விழாவையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. வண்டிப் பந்தயத்தின் பெயர் அதில் இல்லை. மகாராஷ்டிரமும் கர்நாடகமும் தங்கள் திருத்தங்களில் மாட்டு வண்டிப் பந்தயம் என்றே எழுதிக்கொண்டன. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு மூன்று மாநிலங்களின் சட்டங்களும் செல்லும் என்றது. வழக்கைத் தொடங்கிவைத்த பந்தயம் நம்மூர்ச் சட்டத்தின் வரையறையில் பெயரில்லாமல் நிற்கிறது.

4

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு சட்டம். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1965இல் பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள் வந்தன. அதிலும் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு இருக்கின்றன! 200 கிலோ வரை சின்னது, 350 வரை நடு, அதற்கு மேல் பெரியது. காற்று டயர் இல்லாத இரட்டைச் சக்கர வண்டியில் சின்ன மாட்டுக்கு 500 கிலோ, நடு மாட்டுக்கு 700, பெரிய மாட்டுக்கு 900. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வண்டியில் பூட்டவே கூடாது. ஆணி வைத்த தார்க்கம்பும் கூடாது.

அதே மூன்று பெயர்கள், ஆனால் கேள்வி வேறு. பந்தயக்காரர்கள் மாட்டை வகைபிரித்தது ஒரு சொந்தக்காரர் இன்னொரு சொந்தக்காரரிடம் அநியாயமாகத் தோற்கக் கூடாது என்பதற்காக. 1965 விதி வகைபிரித்தது மாட்டுக்காக.

டிரக்கை நிற்கும்வரை இழுக்க வைக்கலாம். எஞ்சின் வெடித்தால் இரும்பு போகும், பணம் போகும், அவ்வளவுதான். மாடு அப்படியில்லை. வாலை முறுக்கினால், குத்தினால், தன்னால் முடியாததையும் அது இழுக்கும். பந்தயம் கூடாது என்பவர்கள் இதைத்தான் நீதிமன்றத்தில் சொன்னார்கள். அதற்குப் பண்பாடு என்ற ஒரு சொல் பதிலாகாது. பந்தயம் வேண்டும் என்று நினைக்கிற நானும் இதைச் சொல்லியாக வேண்டும்.

சின்ன மாட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிடுவது அநியாயம் என்று நம் ஆட்களுக்கு யாரும் சட்டம் போட்டுச் சொல்லித் தரவில்லை. அந்த நியாய உணர்வு அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு படி ஏறினால் போதும். பந்தய நோட்டீசில் பிரிவுக்கும் தூரத்துக்கும் பரிசுத் தொகைக்கும் கீழே இரண்டு வரி சேர்க்கலாம். தார்க்கம்பில் ஆணி இருந்தால் வண்டி விலக்கப்படும். வெயில் ஏறுவதற்குள் கடைசிப் பிரிவும் ஓடி முடிந்திருக்கும்.