கோடு விழுந்த பெயர்கள்

தோட்டத்து செக்ரோலில் ஆள் போய்விட்டால் கிராணி பெயரின் மேல் கோடு இழுப்பார். வரி அங்கேயேதான் கிடக்கும். புதுப் புத்தகத்தில் இருப்பவர்களை மட்டும் எழுதும்போதுதான் இடம் மிச்சம்.

ஜாசின், அலோர் காஜா தோட்டங்களின் பெயர்களை போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஏற்றிவருகிறேன். ஒரே முனியாண்டி ரோமன் எழுத்தில் நான்கு விதமாக வருவார். இரட்டிப்புகளை ஆயிரக்கணக்கில் அழித்தும் கோப்பு இளைக்கவில்லை. டிலீட் என்பதும் கோடு இழுப்பதுதானே! வாக்குவம் என்ற துப்புரவுக் கட்டளை அந்த இடங்களைப் புதுப் பெயர்களுக்குத் தரும். டிஸ்குக்குப் பெரும்பாலும் திருப்பித் தராது. வாக்குவம் ஃபுல்தான் புதுப் புத்தகம் எழுதும் கிராணி. எழுதி முடிக்கும்வரை அட்டவணையைப் பூட்டிவைக்கும், நகலுக்குத் தனி இடமும் கேட்கும்.

எனக்குப் பிடித்த சங்கதி இதைவிடப் பழையது. 1986இல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு போஸ்ட்கிரஸைத் தொடங்கியது. அப்போது வாக்குவமின் வேலை குப்பை அள்ளுவதல்ல, பழைய வரிகளைக் காப்பகத்துக்கு நகர்த்துவது. நேற்றைய பட்டியலை இன்றும் கேட்டு வாங்கலாம். 1990களில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பாரம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் நல்ல எண்ணம்.

மலேசியாவின் 1968 வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு பெர்மிட்டைக் கட்டாயமாக்கியது. பல்லாயிரம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். செக்ரோலில் அவர்களும் கோடு விழுந்த பெயர்கள். "இப்ப இல்லாதவங்க எதுக்கு, தூக்கிடு"ன்னு நண்பர் சொன்னார். இரட்டிப்பு வேறு, போனவர் வேறு. அவர்களுக்கு 'விலகிய ஆண்டு' என்று தனிக் கட்டம் சேர்த்து, பழைய கோப்பையும் ஒரு நகல் எடுத்துவைத்தேன். அதன் பிறகுதான் ஃபுல் ஓட்டினேன்.