பசுமைக்குடில் சூடாவது எதனால்? நான் நடத்திய பாடத்துக்கு ஒரு திருத்தம்



இது நீளமான பதிவு. மின்சார ரயிலில் நின்றுகொண்டு படிப்பவர்கள் உட்கார இடம் கிடைத்த பிறகு படியுங்கள். கொஞ்சம் தோட்டக் கதை, நிறைய வரலாறு, நடுவில் உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது.

பங்குனியில் என் மகன் ஆன்லைனில் ஆர்டர் போட்டு ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே இரும்புக் குழாய்கள், அவற்றைக் கோக்கும் பிளாஸ்டிக் மூட்டுகள், மேலே போர்த்த ஒரு பாலிதீன் உறை, அதில் ஜிப் வைத்த வாசல். ஆறடிக்கு நாலடி. வீட்டுப் பசுமைக்குடில் என்று பெயர். சேலையூரில் பட்டறை வைத்திருக்கும் பழைய மாணவன் வந்து, "டீச்சர், நீங்க உட்காருங்க" என்று சொல்லி ஒரு மணி நேரத்தில் கொல்லைப்புறத்தில் நிறுத்திக் கொடுத்தான். 'வர்தா' புயல் நினைவிருப்பதால் நான்கு காலையும் தரையில் முளை அடித்துக் கட்டச் சொன்னேன். அது மட்டும் சரியான முடிவு.

உள்ளே குழித்தட்டுகளில் கத்தரி விதை போட்டேன். மதுராந்தகம் பக்கம் இருக்கும் என் அக்கா, சாம்பலில் கலந்து பாட்டிலில் வைத்திருந்த நாட்டுக் கத்தரி விதை அது. எங்கள் அம்மா காலத்துச் செடி. வெளிறிய பச்சையில் வரி போட்ட காய், காம்பில் முள் இருக்கும், கொத்சுக்கு அதைப்போல் எதுவும் கிடையாது. அக்கா கொல்லையில் இப்போது அந்தச் செடி இல்லை. பாட்டிலில் இருந்ததில் முக்கால்வாசியை எனக்குக் கொடுத்துவிட்டாள். அறுபது நாற்று வந்தது, நாலு இலை விட்டது.

சித்திரை மூன்றாம் வாரம் செங்கல்பட்டில் ஒரு கல்யாணம். ஆடு புகுந்துவிடுமே என்று, எப்போதும் திறந்து வைக்கும் ஜிப்பை அன்று மூடிவிட்டுப் போனேன். மாலை நாலு மணிக்கு வந்து திறந்தால் முகத்தில் அடித்தது, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி. ஆய்வக வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தேன். 52 டிகிரி. அறுபது நாற்றும் வெந்த கீரையாகக் கிடந்தன. அக்காவிடம் இரண்டு நாள் சொல்லவில்லை.

பெட்டியோடு வந்த துண்டுத்தாளை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். வெளியே உறைபனி இருந்தாலும் உள்ளே செடி பிழைக்கும் என்று பெருமையாகப் போட்டிருந்தது. தாம்பரத்தில் உறைபனி! இந்தப் பொருளை யார், எந்த ஊருக்காகக் கண்டுபிடித்தார்கள் என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான்.

ரோமச் சக்கரவர்த்தி திபேரியுஸ் தினமும் வெள்ளரிக்காய் கேட்டாராம். குளிர் நாளில் ஒளி ஊடுருவும் கல் தகடுகளை மூடி அவருக்காக வளர்த்தார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். அதை விட்டுவிடுவோம். நம் கதைக்கு உண்மையான தொடக்கம் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு. அவர் வீட்டுத் தோட்டத்துப் பெரணிச் செடிகள் நகரத்துக் கரிப்புகையில் செத்துக்கொண்டே இருந்தன. 1829 வாக்கில் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மூடி வைத்தார். பூச்சியை மறந்துவிடுங்கள், பாட்டிலுக்குள் ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. தண்ணீர் ஊற்றாமலே அவை ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தன. பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மறுபடி மண்ணில் இறங்கியது. ஐந்தாம் வகுப்பு நீர் சுழற்சிப் பாடம் ஒரு பாட்டிலுக்குள்.

அதை வைத்து அவர் மூடிய கண்ணாடிப் பெட்டி செய்தார். 1833இல் இரண்டு பெட்டிகளைக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார். மாதக்கணக்கான கடல் பயணத்துக்குப் பிறகும் செடிகள் பச்சையாக இருந்தன. அதுவரை கப்பல் தளத்தில் உப்புக் காற்றுபட்டு நூற்றுக்கு ஒன்றிரண்டு பிழைத்தால் பெரிய விஷயம். சீனத் தேயிலையை ராபர்ட் ஃபார்ச்சூன் இமயமலைப் பக்கம் கொண்டு வந்தது வார்டு பெட்டியில்தான். ஒரு நாட்டின் செல்வத்தை இன்னொரு நாட்டுக்குப் பெயர்த்துப் போக ஒரு கண்ணாடிப் பெட்டி போதுமாக இருந்தது. சொல்லாமல் எடுத்துப்போனால் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

இங்கிலாந்தில் நூறு ஆண்டுகளாகக் கண்ணாடிக்கு வரி இருந்தது. 1845இல் அதை நீக்கியதும் கண்ணாடி வீடுகள் பெருகின. ஜோசப் பாக்ஸ்டன் பிரபு ஒருவரின் தோட்டத் தலைவர். தென் அமெரிக்காவின் ராட்சத அல்லிக்கு அவர் கட்டிய கண்ணாடி வீட்டின் அனுபவத்தில்தான் 1851 லண்டன் பொருட்காட்சிக்கான பளிங்கு மாளிகை உருவானது. சுமார் 9 லட்சம் சதுர அடிக் கண்ணாடி. எல்லாத் துண்டும் ஒரே அளவு. பட்டறையில் செய்த தூண்களையும் உத்தரங்களையும் கொண்டு வந்து கோத்தார்கள். பொருட்காட்சி முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் நிறுத்தினார்கள். மகன் அனுப்பிய பெட்டிக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

இதில் ஒரு செய்தி. அந்த மாளிகைக்குள்ளும் வெயில் நாளில் புழுக்கம் வரும் என்று பாக்ஸ்டனுக்குத் தெரிந்திருந்தது. கூரைமேல் துணி விரித்தார்கள். சுவரில் திறந்து மூடும் பலகைகள் வைத்தார்கள். லண்டன் வெயிலுக்கே!

1860இல் நம் நீலகிரிக்கு வார்டு பெட்டிகள் வந்தன. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா தரும் சின்கோனா மரத்தின் கன்றுகளை கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து எடுத்து வந்தார். மூடிய கண்ணாடிப் பெட்டிகள் செங்கடல் வழியாக வந்தன. அந்த வெக்கையும் வழித் தாமதமும் சேர்ந்து கன்றுகளைக் கொன்றுவிட்டன. ஊட்டிக்கு வந்த மிச்சமும் பிழைக்கவில்லை. படித்தபோது மார்க்கமும் நானும் ஒரே கட்சி என்று தோன்றியது. அடுத்த ஆண்டு ஈக்வடாரிலிருந்து ராபர்ட் கிராஸ் கொண்டு வந்த கன்றுகள் தப்பின. ஊட்டித் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அவற்றைப் பதியம் போட்டும் போத்து நட்டும் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தது அதன் பிறகு.

1998இல் எட்டாம் வகுப்பை பெங்களூரு, மைசூரு சுற்றுலா அழைத்துப் போனேனே, அப்போது லால்பாக் கண்ணாடி மாளிகை வாசலில் எடுத்த படம் உங்களில் பலரிடம் இருக்கும். அதற்கு 1889 நவம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இரும்பு வேலை முழுவதும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வால்டர் மெக்ஃபர்லேன் வார்ப்படச் சாலையிலிருந்து வந்தது. அவர்கள் அட்டவணைப் புத்தகம் அச்சிட்டு, படம் பார்த்து ஆர்டர் கொடுப்பவர்களுக்கு உலகெங்கும் துண்டு துண்டாகக் கப்பலில் அனுப்பியவர்கள். ஆன்லைன் வியாபாரம் புதிது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர். ஊட்டி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டும் குளிர்ந்த ஊர். நம் தாம்பரம் அப்படியில்லை என்பதைக் கண்ணாடி அறியாது.

இனி அந்த மன்னிப்பு.

பசுமைக்குடிலைப் பற்றி நான் உங்களுக்கு எப்படிச் சொல்லித் தந்தேன்? சூரிய ஒளி கண்ணாடி வழியாக உள்ளே வருகிறது. மண்ணும் செடியும் சூடாகி வெப்பக் கதிரை வெளியிடுகின்றன. கண்ணாடி அந்தக் கதிரை வெளியே விடாது, அதனால் உள்ளே சூடு. கரும்பலகையில் சிவப்புச் சாக்பீஸால் அம்புக்குறி போட்டு, கண்ணாடியில் முட்டித் திரும்புவதாக வரைவேன். நீங்களும் அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினீர்கள்.

1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் ஒரு சிறிய சோதனை செய்தார். கருப்பு அட்டையில் இரண்டு பெட்டிகள். ஒன்றின்மேல் கண்ணாடி, மற்றதன்மேல் பாறை உப்பில் அறுத்த பலகை. பாறை உப்பு வெப்பக் கதிரைத் தடுக்காது. நான் நடத்திய பாடம் சரியானால் உப்புப் பெட்டி நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின, 55 டிகிரி வரை. வேறுபாடு ஒரு டிகிரிகூட இல்லை என்று எழுதினார். பெட்டி சூடாவதற்கு முக்கியக் காரணம், சூடான காற்று மேலே எழும்பி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்வதுதான்.

என் குடிலின் உறையோ மெல்லிய பாலிதீன். அதுவும் வெப்பக் கதிரைப் பெரும்பாலும் வெளியே விட்டுவிடும் பொருள். இருந்தும் 52 டிகிரி. சந்தேகம் தீர நானே செய்து பார்த்தேன். மறுநாள் காலியான குடிலை மூடி வைத்தேன், பன்னிரண்டரை மணிக்கு 51. உறையின் உச்சியை ஒரு பக்கம் சுருட்டிக் கட்டி, வாசலையும் திறந்தேன். வெயில் அதே வெயில், மீதிப் பாலிதீன் அப்படியே இருக்கிறது. பத்து நிமிடத்தில் 41.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வானத்தில் கரியமில வாயு வெப்பக் கதிரை ஈர்த்து, அதில் ஒரு பங்கைப் பூமிக்கே திருப்புகிறது என்பதும், அதனால் உலகம் சூடாகிறது என்பதும் உண்மை. அதற்கு வைத்த 'பசுமை இல்ல விளைவு' என்ற பெயர்தான் பொருந்தாத பெயர். நான் வானத்தின் காரணத்தை எடுத்துத் தோட்டத்துக் குடிலுக்கு ஒட்டிவிட்டேன். பல ஆண்டு, பல வகுப்பு. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் என்னிடம் கற்றதை அப்படியே நடத்திக்கொண்டிருந்தால், தயவுசெய்து அந்த அம்புக்குறியைத் திருத்துங்கள். ஒரு டிபன் பாக்ஸும் பாலிதீன் தாளும் வெப்பமானியும் இருந்தால் வகுப்பிலேயே காட்டலாம்.

சரி, நம் சமவெளியில் இளஞ்செடியை எப்படிக் காத்தார்கள்? சைதாப்பேட்டையில் வெள்ளைக்காரர்கள் பண்ணையும் வேளாண் பள்ளியும் நடத்தினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் தன் வேரை 1868ஆம் ஆண்டின் அந்தப் பள்ளியில் இருந்துதான் சொல்கிறது. கதீட்ரல் சாலைத் தோட்டக்கலைச் சங்கம் அதற்கும் முந்தியது, 1835. ஆனால் விடை அவர்களுக்கெல்லாம் முன்பே நம் வெற்றிலைக் கொடிக்காலில் இருக்கிறது. கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைப்பார்கள். அது வளர்ந்து நிழல் கட்டிய பிறகே வெற்றிலைக் கொடியை நட்டு அதன்மேல் ஏற்றுவார்கள். வெயில் போதவில்லை என்றால் அகத்தியின் கிளையைக் கழிப்பார்கள், அதிகமென்றால் விட்டுவைப்பார்கள். உயிருள்ள கூரை, கூட்டவும் குறைக்கவும் முடியும், கழித்ததை ஆட்டுக்குப் போடலாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலையும் ஆத்தூர் வெற்றிலையும் இந்த மரபில் வந்தவை. வீட்டளவில் என்றால் தென்னங்கீற்றுப் பந்தல். அம்மா கத்தரி நாற்றுக்கு நாலு குச்சி நட்டு கீற்று போடுவார், நாற்று தேறத் தேற ஒவ்வொரு கீற்றாக உருவுவார். பக்கமெல்லாம் திறந்திருக்கும். சூடான காற்று தன் வழியில் போய்விடும். அம்மா வுட்டின் சோதனையைக் கேள்விப்பட்டதில்லை.

பாலிதீன் குடிலுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பாலிதீன் 1933இல் இங்கிலாந்து ஆய்வகம் ஒன்றில் தற்செயலாகக் கிடைத்த பொருள். அமெரிக்காவின் கென்டக்கியில் எமெரி எம்மெர்ட் என்ற பேராசிரியர் கண்ணாடிக்குப் பணம் போதாமல், 1948இல் மரச் சட்டத்தில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பசுமைக்குடில் செய்தார். ஏழை விவசாயிக்கும் எட்டும் குடில் அதுதான். இன்று ஓசூர் ரோஜா வெளிநாடு போவது அந்தக் குடிலில் இருந்துதான். ஆனால் ஓசூர் ஏறக்குறைய பெங்களூருவின் உயரம், அங்கேயும் பக்கத் தாளைச் சுருட்டிக் காற்று விடுகிறார்கள். நம் சமவெளிக்கு வேளாண் துறைக்காரர்கள் சொல்வது நிழல்வலைக்குடில். கீற்றுப் பந்தலின் பிளாஸ்டிக் பேரன்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை ஒன்று பேரம் பேசி வாங்கினேன். பாலிதீனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அதே குழாய்ச் சட்டத்தின்மேல் வலையைக் கட்டினோம். ஆட்டுக்காகப் பக்கங்களிலும் வலைதான். மதியம் உள்ளே 37, வெளியே 36. பாலிதீனை எறியவில்லை. ஐப்பசியில் கூரைக்கு மட்டும் போடுவேன். 2015 டிசம்பரில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மாதிரி மழையில் நாற்றின் தலையில் ஓங்கி அடிக்காமல் இருக்க ஒரு கூரை வேண்டும்தான்.

அக்காவிடம் மூன்றாம் நாள் சொன்னேன். திட்டவில்லை. "கீற்று போடறதுக்கு என்னடி கேடு?" என்றாள், அவ்வளவுதான். அடுத்த வாரம் பாட்டிலில் ஒட்டியிருந்த மிச்ச விதையையும் சாம்பலோடு பேருந்தில் கொடுத்தனுப்பினாள். வைகாசிக் கடைசியில் விதைத்தேன். முளைத்தது முப்பத்தொன்று. எறும்பு மூன்றைக் கொண்டுபோனது. மீதி இருபத்தெட்டும் இன்று நாலு இலையோடு நிற்கின்றன, படம் போட்டிருக்கிறேன்.

ஆடிப் பட்டத்துக்கு அக்காவுக்குப் பத்து, எனக்குப் பத்து. எட்டு நாற்று மிச்சம். கொல்லையில் மண் இருப்பவர்கள், முதல் காயைப் பறிக்காமல் பழுக்க விட்டு விதை எடுத்து அக்காவுக்கும் எனக்கும் கொடுப்பதாக இருந்தால் மட்டும் கருத்துப் பெட்டியில் பெயர் சொல்லுங்கள். தொட்டி வேண்டாம், அது வேர் ஓடுகிற செடி.