பொறிவண்டு

பொறிவண்டு காக்சினெல்லிடே குடும்பத்தைச் சேர்ந்த சிறு வண்டு. உலகெங்கும் சுமார் 6,000 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி போன்ற சாறு உறிஞ்சிகளைத் தின்று வாழ்பவை. அவரையிலும் தட்டைப்பயறிலும் அசுவினி அப்பும்போது, முதுகில் கறுப்பு நெளிகோடுகள் ஓடும் ஆறு புள்ளிப் பொறிவண்டு அழைக்காமலே வந்துசேரும். பிடித்தால் கால் மூட்டுகளில் மஞ்சள் நீர் கசியும். அதன் கசப்பும் நாற்றமும் பறவைகளை விலக்குகின்றன.

தாய் வண்டு அசுவினிக் கூட்டத்தின் அருகிலேயே மஞ்சள் முட்டைகளைச் செங்குத்தாக, கொத்தாக இடும். வெளிவரும் புழு கறுத்து, நீண்டு, குட்டி முதலை மாதிரி இருக்கும். அசுவினியை வண்டுக்குச் சளைக்காமல் தின்னும் இதைத்தான் பலர் ஏதோ புதுப்பூச்சி என்று நசுக்கிவிடுகிறார்கள். கிரிப்டோலேமஸ் இனத்தின் நிலை இன்னும் பரிதாபம்: அதன் புழு வெண்மெழுகு இழைகள் போர்த்தி, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். குச்சியால் தொட்டால் விறுவிறுவென ஓடுவது புழு. மாவுப்பூச்சிக்கு அந்த வேகம் கிடையாது. காப்பிச் செடியின் பச்சைச் செதில்பூச்சிக்கு எதிராக 1898இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இனம் இது.

பொறிவண்டின் புகழுக்குக் காரணமோ கலிபோர்னியா. அங்கே ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளை ஒரு செதில்பூச்சி அழித்துவந்தது. அதன் தாயகமான ஆஸ்திரேலியாவுக்கு 1888இல் சென்ற ஆல்பர்ட் கோபெலே, ரொடோலியா கார்டினாலிஸ் என்ற பொறிவண்டுகளைக் கப்பலில் அனுப்பினார். லாஸ் ஏஞ்சலிஸில் துணிக்கூடாரம் போட்டு மூடிய ஓர் ஆரஞ்சு மரத்தில் அவற்றை முதலில் விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் தோப்புகள் மீண்டன. அதே செதில்பூச்சி பின்னாளில் நீலகிரியின் வாட்டில் மரங்களைத் தாக்கியபோதும் இந்த வண்டையே வரவழைத்தார்கள்.

எல்லாப் பொறிவண்டும் விருந்தாளி அல்ல. கத்தரியில் காணும் எபிலாக்னா இலையைச் சுரண்டி நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். முதுகில் பளபளப்பின்றி மென்மயிர் படர்ந்திருந்தால், புழு மஞ்சளாக முட்களோடு இருந்தால், தயங்காமல் பொறுக்கி அழிக்கலாம்.

மற்றவை தங்க வேண்டுமானால் கண்ட மருந்தையும் தெளிக்கக் கூடாது. எறும்பையும் கவனிக்க வேண்டும்: அசுவினி சுரக்கும் தேன்நீருக்காக அது காவல் நின்று வண்டை விரட்டும்.