சமயநல்லூர் வட்டார மரப் பரவல்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் சாலையில் உள்ள சமயநல்லூரைச் சுற்றி, வைகைக் கரைக்கும் நாகமலை அடிவாரத்துக்கும் இடையே சில கிலோமீட்டருக்குள் மரங்களின் இனம் பலமுறை மாறுகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ. அதில் கணிசமான பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். எந்த இடம் வளமானது என்பதைவிட, அந்த இடத்தின் கெடுதலை எந்த மரம் தாங்கும் என்பதே இங்கே பரவலைத் தீர்மானிக்கிறது.

ஆற்றோரம் மருது, புங்கை, நாவல். மணலுக்கடியில் ஈரம் வற்றாத வரை மருதுக்குக் கவலையில்லை. வைகைத் துறையொன்றைச் சங்க இலக்கியம் திருமருத முன்துறை என்றே அழைக்கிறது. 1895இல் பெரியாறு அணை நீர் வைகைக்குத் திரும்பியதும் வாய்க்கால் பாசனம் பெருகியது. சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் அந்தப் பாசனத்தை நம்பியே இருக்கின்றன. தண்ணீர் தவறினால் முதலில் வாடுவதும் அவைதாம்.

கண்மாய் உட்பகுதி மிகக் கடினமான இடம். சில மாதம் நீரில் மூழ்கிக் கிடக்கும். பிறகு வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். மூச்சுத் திணறலையும் வறட்சியையும் ஒருசேரத் தாங்கும் நாட்டுக் கருவேலம் அங்கே நிற்கிறது. அதன் நெற்று மணி கோத்த மாலைபோல இடையிடையே ஒடுங்கி, சாம்பல் படிந்திருக்கும். ஆடுகள் அதைத் தின்று, விதையைப் புழுக்கையோடு வேறிடம் சேர்க்கின்றன.

நாகமலைச் சரிவில் பாறைமேல் மண் ஒரு சாண்கூட இருக்காது. அங்கே உசிலை. அதன் சிற்றிலைகள் நீரிழப்பைக் குறைக்கின்றன. காய்ந்த இலையே தலைக்குத் தேய்க்கும் அரப்பு. உசிலம்பட்டிக்குப் பெயர் தந்ததும் இம்மரம்தான். மேட்டுச் செம்மண்ணில் வேம்பு மாசி, பங்குனியில் இலையைக் கொட்டி, ஒரு தூறல்கூட இல்லாமலே தளிர்க்கிறது. கோடை நடுவில் அது பூத்து நிற்கும் காட்சிக்கு ஆழத்து ஈரத்தைத் தேடிப்போகும் வேரே காரணம்.

சீமைக் கருவேலம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. வறட்சி, உவர், ஆட்டு மேய்ச்சல் மூன்றையும் தாங்குவதால் தரிசு, கண்மாய், சாலையோரம் எல்லாம் அதன் வசமாயின. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டது. மேலே வெட்டினால் மட்டும் அது சாகாது. அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். தூரோடு பெயர்க்க வேண்டும். பெயர்த்த குழியை வெறுமையாக விட்டால், மண்ணில் புதைந்திருக்கும் விதைகள் அடுத்த மழைக்கே முளைத்துவிடும். அந்த இடத்தில் வேம்போ புங்கையோ நட்டு, முதல் இரண்டு கோடைக்குக் குடத்துத் தண்ணீராவது ஊற்றியாக வேண்டும்.